ஒரகடம் சாலையில் கூழும் முளைதானியமும்

கார்களும் கைப்பேசிகளும் பிறக்கும் சாலையில், வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களையும் வளர்க்கலாம். அதற்கு வேண்டிய பாதி வித்தை, நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கும் விவசாயியின் கையிலேயே இருக்கிறது.

சென்னையில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால், இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிப் பகுதி. அடுத்து இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் கார் ஆலை 1996-ல் இங்கே கால் வைத்தது. 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. அதற்கு அப்பால் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், அதைத் தாண்டி ஒரகடம். 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்பீல்டு என்று வரிசையாக வந்து சேர்ந்த பூமி. ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப்பாசன நெல்லும், மானாவாரி வேர்க்கடலையும், ஆட்டுக்கிடையும்தான் இங்கே பிழைப்பு.

பங்குனி வெயில் ஏறியதும் இந்தச் சாலைகளின் ஓரத்தில் கூழ் வண்டிகள் முளைக்கும். எவர்சில்வர் அண்டாவில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ இருக்கும். பக்கத்தில் மோர் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பில் ஊறிய மாங்காய்த் துண்டு, சில வண்டிகளில் வறுத்த கருவாடு. இரவுப் பணி முடித்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்குபவர்களும், லாரி ஓட்டுநர்களும், ஏரி மதகுப் பக்கம் இருந்து வரும் விவசாயிகளும் ஒரே வண்டியில் நின்று குடிப்பார்கள்.

அந்தச் சொம்புக்குள் உயிரோடு இருப்பது எது? அதை விவசாயி தன் தானியத்திலேயே வளர்க்க முடியுமா? வளர்த்தால் காசாகுமா? இந்தச் சாலை நெடுகிலும் அதற்கான பதில்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன.

இரண்டு முறை புளிக்கும் கூழ்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஆடி மாதம் என்றாலே மாரியம்மனுக்குக் கூழ்வார்த்தல்தான். அதன் பக்குவத்தைக் கவனித்தால் ஒரு நுட்பம் தெரியும். முதல் நாள் இரவு கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டிக் காய்ச்சுவார்கள். அந்தக் கூழை ஆறவைத்து மறுபடி ஓர் இரவு வைப்பார்கள். அடுத்த நாள் காலையில்தான் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பது.

முதல் இரவில் பெருகிய நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்கவைத்துவிட்டு, அடுப்பில் ஏறியதும் மடிந்துவிடும். இரண்டாவது இரவில் பெருகுபவையும், மோரோடு சேருபவையும்தான் உயிரோடு வயிற்றுக்குப் போகும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லிக்கும் இதே கணக்குதான். மாவு புளித்தது பாக்டீரியாவால். ஆனால் மூங்கில் குடலையில் வெந்து வரும்போது அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. இட்லி செரிமானத்துக்கு எளிது, சத்தானது. ஆனால் அதை ‘புரோபயாடிக்’ என்று சொல்ல முடியாது. பழைய சோற்றின் கதை வேறு. வெந்த பிறகு நீரூற்றிப் புளிக்கவைத்து, மறுபடி சூடாக்காமல் சாப்பிடுவதால் அதில் உயிர் இருக்கிறது.

2001-ல் உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, புரோபயாடிக் என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும். போதிய எண்ணிக்கையில் உள்ளே போக வேண்டும். அதனால் உடலுக்கு நன்மை கிடைக்க வேண்டும். இந்த மூன்றில் உயிரும் எண்ணிக்கையும் சமையல் பக்குவத்தில் அடங்கும். மூன்றாவதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். அதுவும் ஒவ்வொரு ரகப் பாக்டீரியாவுக்கும் தனித்தனியாக.

வல்லம் வடகாலில் சந்திக்கும் பழைய சோறுகள்

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகும் வழியில் வல்லம் வடகால் சிப்காட். கைப்பேசி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக அங்கே கட்டப்பட்ட மாபெரும் குடியிருப்பு, 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சி அளவு மக்கள் ஒரே வளாகத்தில்! இது தவிர மாத்தூர், ஒரகடம், படப்பை வீதிகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் வரிசை வீடுகள் ஏராளம்.

இவர்களில் ஒடிசாக்காரர்களுக்குப் பழைய சோறு ‘பகாள’. ஆண்டுதோறும் மார்ச் 20-ஐ அதற்கான தினமாகவே கொண்டாடுகிறார்கள். வங்காளிகளுக்கு அது ‘பாந்தா பாத்’. அசாமியருக்கு ‘பொய்தா பாத்’. நெல் விளையும் கிழக்குக் கரை முழுக்க, மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றும் பழக்கம் பொது. தமிழ் தெரியாதவரும் நீராகாரத்தைக் கண்டால் என்னவென்று அறிவார்.

மருத்துவ உலகமும் இப்போது இந்தப் பானையை எட்டிப் பார்க்கிறது. புவனேஸ்வர் எய்ம்ஸ் மருத்துவமனையில் பகாள நீரை ஆராய்ந்து, குடல் சுவருக்கு உணவாகும் குறுந்தொடர் கொழுப்பு அமிலங்கள் அதில் இருப்பதாகத் தெரிவித்திருக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், குடல் அழற்சி உள்ளவர்களுக்குப் பழைய சோறு எந்த அளவு உதவும் என்று பார்க்க, தமிழக அரசின் 2.7 கோடி ரூபாய் நிதியில் ஆய்வு தொடங்கப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூழின் நுண்ணுயிர்த் தரத்தைப் பரிசோதித்து 2014-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இந்தப் பேச்சு சூடுபிடித்ததும், ‘சோற்றை ஊறவைத்தால் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடும்’ என்பது போன்ற செய்திகளும் கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்தன. இரும்பு ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. தானியத்தில் உள்ள இரும்பைக் கட்டிவைத்திருக்கும் ‘பைட்டேட்’ என்ற பொருளை உடைத்து, இருக்கும் இரும்பு உடலில் சேர வழிசெய்யத்தான் முடியும். அதுவே பெரிய உதவி. அந்தக் கட்டை அவிழ்ப்பதில் பாக்டீரியாவுக்கு முன்பே களத்தில் இறங்குவது ஒன்று உண்டு: முளை.

நாற்றங்கால் வித்தை

ஒரகடம் சந்திப்பில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை குறுக்கிடுகிறது. கிழக்கே படப்பை, மணிமங்கலம், மேற்கே வாலாஜாபாத். ஆலை மதில்களுக்கு இடையே இன்னமும் ஏரிகளும் மிச்ச வயல்களும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் நவரைப் பட்டத்துக்கும், சித்திரை, வைகாசியில் சொர்ணவாரிக்கும் நாற்று விடுகிறார்கள்.

நாற்று விட என்ன செய்வோம்? விதைநெல்லை ஒரு நாள் ஊறவைக்கிறோம். நீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி இன்னொரு நாள் இருட்டில் வைக்கிறோம். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நாற்றங்காலில் தூவுகிறோம். முளைதானிய மாவு செய்பவரும் இதையேதான் செய்கிறார். முளை எட்டிப் பார்த்ததும் வயலுக்குப் போகாமல், நிழலிலும் இளவெயிலிலும் காயவைத்து, அரைத்துவிடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

முளைவிடும் நெல்லுக்குள் நடப்பது சுவையானது. நீர் பட்டதும் முளைக்கரு ‘ஜிப்ரலின்’ என்ற ஹார்மோனைச் சுரக்கும். திராட்சைக்கு ‘ஜி.ஏ.’ தெளிக்கும் விவசாயிகளுக்கு இது பழகிய பெயர். அந்தச் செய்தி கிடைத்ததும், தவிட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கு ‘அமைலேஸ்’ என்ற நொதியை உருவாக்கும். அது மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக மாற்றும். கூடவே புரதம் அமினோ அமிலங்களாக உடையும், பைட்டேட்டும் குறையும். எல்லாம் குட்டி நாற்றுக்காகத் தாய் விதை வைக்கும் விருந்து.

அந்த விருந்துக்கு இன்னொரு விருந்தாளியை அழைப்பதுதான் இங்கே வேலை. தயிரையும் மோரையும் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றால் மாவுச்சத்தை நேரடியாக உடைக்க முடியாது. அவற்றுக்குச் சர்க்கரை தயாராக வேண்டும். அமினோ அமிலமும் பி வைட்டமின்களும் வேண்டும். பாலில் இவை தயார் நிலையில் இருப்பதால் ஒரு கரண்டி மோர் விட்டாலே உறைகிறது. சாதா அரிசிக் கஞ்சியில் இவை குறைவு. முளைகட்டிய தானியத்தில் நிறைய இருக்கின்றன.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கோதுமை, பார்லி, முளைகட்டிய பார்லி ஆகியவற்றில் தனித்தனியாகக் கரைசல் செய்து, அதே லாக்டிக் பாக்டீரியா ரகங்களை வளர்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவுப்படி, எல்லா ரகங்களும் முளைகட்டிய கரைசலில்தான் நன்றாக வளர்ந்தன. ஒரு மில்லிக்குப் பத்துக் கோடிக்கு மேல் எண்ணிக்கை இருந்தது. ஸ்வீடனில் 1994-லேயே இது கடைக்கு வந்துவிட்டது. ஓட்ஸ் கஞ்சியில் கொஞ்சம் முளைகட்டிய பார்லி மாவைப் போட்டு இளக்கி, ‘லாக்டோபாசில்லஸ் பிளான்டேரம்’ பாக்டீரியாவை வளர்த்து, பழச்சாறில் கலந்து ‘புரோவீவா’ என்ற பெயரில் விற்றார்கள். பால் அடிப்படை இல்லாத புரோபயாடிக் பானம் அது.

முளை மாவின் இளக்கும் சக்தியை நம் நாட்டு ஆய்வாளர்களும் முன்பே பயன்படுத்தினார்கள். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய கேழ்வரகில் குழந்தை உணவு தயாரித்தார்கள். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர், கெட்டியான கஞ்சியில் சிறிதளவு முளை மாவைப் போட்டால் அது நீர்த்துவிடுவதைக் காட்டினார்கள். குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் அதிக தானியம் போக அது வழி. பெரியவர்களின் கூழுக்கும் அதே வசதி உண்டு.

முளைதானிய மோர்க்கஞ்சி: செய்முறை

*முளை மாவு*

1. வீட்டு உபயோகத்துக்கு வைத்த நெல், கேழ்வரகு அல்லது கம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம், சொத்தை நீக்கிக் கழுவி 12 மணி நேரம் ஊறவைக்கவும். நெல்லுக்கு 24 மணி நேரம் தேவை. இடையில் இரண்டு முறை நீரை மாற்றவும்.

2. நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டி வைக்கவும். கேழ்வரகு, கம்பு ஒன்றரை நாளில் முளைக்கும். நெல்லுக்கு ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். காலை மாலை நல்ல நீரில் அலசவும். முளை தானியத்தின் நீளத்தைத் தாண்ட வேண்டாம்.

3. மெல்லிய பரப்பாகக் காயவைக்கவும். கடுமையாக வறுக்கக் கூடாது, நொதி செத்துவிடும். காய்ந்ததும் கையால் தேய்த்து வேரையும் முளையையும் புடைத்துவிடவும். நெல்லாக இருந்தால் உமி நீக்கி அரைக்கவும்.

*கஞ்சி (1 லிட்டருக்கு)*

1. சாதா அரிசி நொய் அல்லது கேழ்வரகு மாவு 80 கிராம் எடுத்து, 1 லிட்டர் நீரில் நன்கு வேகவைத்து இறக்கவும்.

2. கொதி அடங்கி, விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூட்டுக்கு வரட்டும். வெப்பமானி இருந்தால் 60 முதல் 65 டிகிரி. அப்போது முளை மாவு 20 கிராமைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் மூடி வைக்கவும். கஞ்சி இளகி, லேசாக இனிக்கும்.

3. மறுபடி அடுப்பில் ஏற்றி 10 நிமிடம் கொதிக்கவிடவும். முளைகட்டும்போது ஈரத்தில் பெருகும் வேண்டாத கிருமிகள் ஒழிய இந்தக் கொதி அவசியம்.

4. கைபொறுக்கும் சூட்டுக்குச் சீக்கிரம் ஆறவைக்கவும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்தால் விரைவில் ஆறும். புதிய, புளித்த வீட்டு மோர் 50 மில்லி சேர்க்கவும். மூடி வைக்கவும்.

5. நம் ஊர் வெயிலில் 8 முதல் 10 மணி நேரத்தில் புளிப்பு ஏறும். உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் குடிக்கலாம். மறுபடி சூடாக்கக் கூடாது. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடிக்கவும்.

கடைத் தயிரில் பெரும்பாலும் பால் சர்க்கரைக்குப் பழகிய இரண்டே வகைப் பாக்டீரியாதான் இருக்கும். வீட்டு மோரில் பல வகை இருப்பதால் தானியத்துக்கு அது பொருத்தம். முதல் ஈடு நன்றாக வந்தால், அதில் ஒரு கரண்டியை அடுத்த ஈட்டுக்கு உறையாக வைக்கலாம். தானியத்தில் நன்றாக வளரும் வகைகள் ஈட்டுக்கு ஈடு முன்னுக்கு வரும். வாசனை மாறினால் இரக்கம் பார்க்காமல் கொட்டிவிட்டு, புது மோரில் இருந்து தொடங்குங்கள்.

ஒரு பானை கெட்டால்…

2021 டிசம்பரில் இந்தச் சாலை ஒரு பாடம் கற்றது. கைப்பேசி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாத பெண்கள், பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமையல்கூடத்தை நம்பும் இடத்தில், ஒரு பானை கெடுவது ஒரு வீட்டோடு போகாது.

புளிக்கவைக்கும் உணவுக்கும் இது பொருந்தும். அரிசியிலும் சிறுதானியத்திலும் மண்ணில் இருந்து ஒட்டிவரும் ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். வெந்த சோறு வெதுவெதுப்பாக வெறுமனே கிடந்தால் அவை முளைத்து நஞ்சு கக்கும். அந்த வாந்தி நஞ்சை மறுபடி சூடாக்கியும் அழிக்க முடியாது. தற்காப்பு வேகம்தான். ஆறியதும் உடனே தாராளமாக உறை சேர்த்து, நல்ல பாக்டீரியாவை முந்த வைக்க வேண்டும். புளிப்பு ஏறிவிட்டால் கெட்டதற்கு அங்கே இடமில்லை. இரசாயனக் கடையில் கிடைக்கும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 4.5-க்குக் கீழே வந்தால் நல்லது. 4 சுற்றி இருந்தால் இன்னும் நல்லது. 12 மணி நேரம் ஆகியும் புளிக்காத கஞ்சியைக் குடிக்க வேண்டாம்.

பானைக்கு முன்பே கெடக்கூடிய இடமும் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் சான்று விதை, பூஞ்சணக்கொல்லி பூசியதாக இருக்கும். நாற்றங்காலுக்கு ஊறவைத்த விதையில் மிஞ்சியதை ஒருபோதும் உணவுக்கோ மாட்டுக்கோ எடுக்கக் கூடாது. வெள்ளைச் சோளத்திலும் கவனம் தேவை. முளைவிட்ட சோளத்தின் குருத்திலும் வேரிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சாய்வதும் இதனால்தான். புதிதாகச் செய்பவர்கள் கேழ்வரகு, கம்பு, நெல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விற்கும்போது பெயரிலும் நாணயம் வேண்டும். உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2016 விதிமுறைப்படி, ‘புரோபயாடிக்’ என்று எழுதினால் அனுமதித்த ரகப் பாக்டீரியா இருக்க வேண்டும். ஒரு நாள் அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள எண்ணிக்கையும் வேண்டும். பானையில் என்ன ரகம் வளர்ந்தது என்று ஆய்வுக்கூடச் சான்று இல்லாமல் அந்தச் சொல்லை ஒட்டக் கூடாது. ‘முளைதானிய மோர்க்கஞ்சி’ என்றே விற்கலாம். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

காட்டுப்பாக்கம்: மாட்டின் வயிறு

ஒரகடத்தில் இருந்து சிங்கப்பெருமாள்கோவில் வந்து, திருச்சி சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால், பொத்தேரி அருகே காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி வளாகமும், கால்நடை உணவியல் நிறுவனமும், வேளாண் அறிவியல் நிலையமும் இங்கே உள்ளன. வயல் குறைந்தாலும் மாடு குறையாத இந்த வட்டாரத்துக்கு இது வாய்ப்பான இடம்.

கால்நடைக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர் ஏன் பேசப்படுகிறது? வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் தடை செய்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு ‘கொலிஸ்டின்’ மருந்து கொடுப்பதை இந்தியா 2019-ல் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதே காரணம். கழிச்சலுக்கு எல்லாம் மருந்து என்ற பழக்கத்துக்கு மாற்றுத் தேடும்போது, லாக்டிக் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் முன்வரிசையில் வருகின்றன.

ஆனால் மனிதருக்கு ஏற்ற கஞ்சியை அப்படியே மாட்டுக்கு ஊற்றக் கூடாது. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியில் சோறும் சர்க்கரைப் பொங்கலும் அள்ளிக் கொடுத்து, மறுநாள் மாடு வயிறு உப்பிச் சாய்ந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. மாவுச்சத்து திடீரென மிகுந்தால், பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் அளவுமீறிச் சுரந்து ரத்தம் வரை அமிலமேறும். அங்கே அதே பாக்டீரியா குடும்பம்தான் வில்லன்.

அசைபோடும் மாட்டுக்கு இந்தப் பாக்டீரியாவைப் பயன்படுத்தப் பாதுகாப்பான வழி ஊறுகாய்ப்புல். பால் பிடிக்கும் பருவத்து மக்காச்சோளத்தையோ தீவனச்சோளத்தையோ நறுக்கி, காற்றில்லாமல் மிதித்து அடைத்தால், லாக்டிக் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் காப்பாற்றும். சர்க்கரை குறைந்த புல்லாக இருந்தால் வெல்லப்பாகு தெளிக்கிறோம். கஞ்சிக்கு முளை மாவு போடுவதும், ஊறுகாய்ப்புல்லுக்கு வெல்லப்பாகு தெளிப்பதும் ஒரே வேலைதான். இளங்கன்றுக்குக் கழிச்சல் என்றால், கைவைத்தியத்துக்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கணக்குப் போட்டால்

2025-26-ம் ஆண்டில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரக நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதாவது கிலோ 25 ரூபாய். கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். ஒரு கிலோ மாவில் பத்து லிட்டர் கஞ்சி வரும். கால் லிட்டர் டம்ளரில் 40 டம்ளர். அதில் முளை மாவின் பங்கு 200 கிராம்தான். விறகு, கூலி, மோர், வெங்காயம் எல்லாம் கழித்தாலும், மூட்டையாகப் போகும் தானியத்துக்கும் டம்ளராகப் போகும் தானியத்துக்கும் உள்ள இடைவெளியை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு ஏக்கர், அரை ஏக்கர் மட்டும் மிஞ்சிய குடும்பங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் யோசிக்க வேண்டிய கணக்கு இது. நிலம் போன பிறகு ஆலை வாசலில் காவல் வேலைக்குப் போவது ஒரு வழி. அதே வாசலில் தன் தானியத்தை டம்ளராக விற்பது இன்னொரு வழி. வாடிக்கையாளர் கூட்டம் சாலையோரத்திலேயே இருக்கிறது. அதுவும் நீர்ச்சோறு தின்று வளர்ந்த கூட்டம். முதலில் தேவைப்படுவது சுத்தமான நீர், மூடிய பாத்திரம், பி.எச். தாள், உணவுப் பாதுகாப்புத் துறையில் ஒரு பதிவு. முளை மாவை மட்டும் காயவைத்து விற்றால் பானை கெடும் பயமும் இல்லை. வாங்குபவர் வீட்டிலேயே காய்ச்சி உறை ஊற்றிக்கொள்ளலாம்.

வாசகர் சந்தேகங்கள்

கேள்வி: கடை அரிசியை முளைகட்ட முடியுமா?

முடியாது. தீட்டிய வெள்ளை அரிசியில் முளைக்கரு இல்லை. புழுங்கல் அரிசி வெந்துவிட்டதால் முளைக்காது. நெல்லையோ, முளைக்கரு உடையாமல் உமி மட்டும் நீக்கிய பச்சை நெல்லரிசியையோதான் முளைகட்டலாம்.

கேள்வி: கடையில் விற்கும் ராகி மால்ட் புரோபயாடிக்கா?

இல்லை. அது நல்ல சத்துமாவு. ஆனால் காய்ச்சிக் குடிப்பதால் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றிப் புளிக்கவைத்தால்தான் உயிர் சேரும்.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் குடிக்கலாமா?

முளை மாவு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். புளிக்கும்போது அதில் ஒரு பகுதிதான் குறையும். அளவோடு, உணவுக்குப் பதிலாகவே எடுக்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மிஞ்சிப் புளித்த கஞ்சியைப் பயிருக்குத் தெளிக்கலாமா?

மாவுள்ள கஞ்சி இலையில் படிந்தால் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். உப்பு சேர்க்காததாக இருந்தால் மட்கு குழியில் ஊற்றுங்கள்.

கேள்வி: பயிற்சி எங்கே கிடைக்கும்?

செங்கல்பட்டு வட்டாரத்தினர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், திருவள்ளூர் பக்கத்தினர் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் நேரில் அணுகி, மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது என்று கேட்கலாம். ரகப் பரிசோதனை, பொதி செய்தல் போன்ற அடுத்தகட்ட வேலைகளுக்குத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கேளுங்கள். போகும்போது உங்கள் தானியத்தில் ஒரு கிலோவையும், நீங்கள் செய்த முளை மாவில் கால் கிலோவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.